மலையில் இருந்தபடியே கணினி அனிமேஷன் கற்பது எப்படி: தொடக்கம் முதல் முதல் வேலை வரை

கோத்தகிரியில் என் வீட்டுக்கு எதிரே ஒரு தேயிலைச் சரிவு இருக்கிறது. பிற்பகல் எடை போடும் நேரம் வந்ததும், பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் அந்தச் சரிவில் ஏறுவார்கள். மூட்டை தலையில் அமரும் கணத்தில் கழுத்து சற்றே உள்வாங்குகிறது, முழங்கால் ஒரு நொடி தளர்ந்து மீண்டும் இறுகுகிறது, அதன் பிறகுதான் முதல் அடி எழுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் மாதத்தில், கனமான பெட்டியைச் சுமந்து படியேறும் ஒரு பாத்திரத்தை அசைக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. மென்பொருளின் பட்டியல்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் அசைத்த பெட்டி காலி அட்டைப்பெட்டியாகவே தெரிந்தது. அந்த ஷாட் மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவது முறை, ஊரில் தினமும் பார்த்தும் பாராமல் விட்டிருந்த அந்தக் கழுத்தும் முழங்காலும் நினைவுக்கு வந்த பிறகே தேறியது.

ஆகவே எடை, நேரம் ஆகிய இரண்டும் இந்த வழிகாட்டியில் முதலில் வருகின்றன, மென்பொருள் அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பெரிய நகரத்துக்குப் போக இப்போதைக்கு வசதியில்லாத ஒரு மாணவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், கீழே சொல்லியிருப்பவற்றை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் கற்கலாம்.

எந்த வேலை என்பதை முதலில் பிரித்தறிதல்

அனிமேஷன் என்ற ஒரே பெயருக்குள் பல தொழில்கள் இருக்கின்றன. கதையைக் கட்டம் கட்டமாக வரைபவர் ஸ்டோரிபோர்டு கலைஞர். பாத்திரத்தின் உருவத்தைக் கணினியில் செதுக்குபவர் மாடலர். அதற்குள் எலும்புக்கூட்டைப் பொருத்துபவர் ரிக்கர். அதை அசைத்து நடிக்க வைப்பவர் அனிமேட்டர். இவர்களுக்குப் பின் ஒளியமைப்பவரும், எல்லா அடுக்குகளையும் ஒரே காட்சியாக இணைக்கும் காம்போசிட்டரும் வருகிறார்கள். இங்கே சொல்லப்போவது அசைப்பவரின் வேலையைப் பற்றி மட்டுமே. மற்றவற்றில் அடிப்படை தெரிந்தால் போதும்.

முதல் ஆறு வாரம்: தாளும் கைப்பேசியும்

கணினி வாங்குவதற்கு முன்பே தொடங்கலாம், அப்படித் தொடங்குவதே நல்லது. திரைப்படம் ஒரு நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது, அவை ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படங்களில் வேலையை முடித்துவிடுவார்கள். தடித்த குறிப்பேட்டின் ஓரத்தில் 24 படங்கள் வரைந்து விரலால் புரட்டினால், ஃப்ரேம்களின் கணக்கு கைக்குப் பழகும். அடுத்து, ஃபிலிபாகிளிப் போன்ற ஒரு செயலியைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டு அதே பயிற்சியைத் திரையில் செய்து பார்க்கலாம்.

இந்த ஆறு வாரங்களில் படம் வரையும் திறமை பெரிதாக வளர்ந்துவிடாது, வளர வேண்டியதும் இல்லை. பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்களை முப்பது நொடிக்கு ஒருவராகக் கோட்டுருவில் வரையுங்கள். முகம் வேண்டாம். எந்தக் காலில் எடை இருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது, அதற்கு எதிராகத் தோள் எப்படிச் சரிந்திருக்கிறது என்ற மூன்றை மட்டும் பிடித்தால் போதும்.

டிஸ்னி ஸ்டுடியோவின் மூத்த அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் தொகுத்து வெளியிட்ட பன்னிரண்டு கோட்பாடுகளை எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் ஒப்பிக்கச் சொல்வார்கள். தொடக்கத்தில் நான்கைப் பிடித்துக்கொள்ளுமாறு என்னிடம் வருபவர்களிடம் சொல்கிறேன்: டைமிங், வேகம் கூடிக் குறையும் விதம், செயலுக்கு முன் வரும் எதிர்த்திசை ஆயத்தம், வில்போன்ற பாதை. தாவப் போகும் குரங்கு முதலில் பதுங்குகிறதே, அந்த ஆயத்தம் இல்லாவிட்டால் பார்ப்பவர் தாவலையே தவறவிட்டுவிடுவார். எஞ்சிய எட்டும் வேலை செய்யும்போது தாமாகவே தேவைப்படும்.

பந்து: ஒரு மாதம் செலவிடத் தகுந்த பயிற்சி

தரையில் துள்ளும் பந்தை அசைப்பது உலகெங்கும் முதல் பாடம். அதை ஒரே நாளில் முடித்துவிட்டு மனித உருவத்துக்குத் தாவுகிறவர்கள் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். எனவே பள்ளி இயற்பியலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். ஓய்விலிருந்து விழும் பொருள் அரை நொடியில், அதாவது 12 ஃப்ரேம்களில், ஏறத்தாழ 1.2 மீட்டர் கீழே வருகிறது. அந்த 12 ஃப்ரேம்களை மும்மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியிலும் பந்து கடக்கும் தூரங்கள் 1:3:5:7 என்ற விகிதத்தில் அமையும். அதாவது முதல் மூன்று ஃப்ரேம்களில் சுமார் 8 சென்டிமீட்டர், பிறகு 23, பிறகு 38, கடைசியில் 54. மேலே படங்கள் நெருங்கியும் கீழே வரவர விலகியும் இருப்பதால்தான் கண் அதை விழுகிற பொருளாக ஏற்றுக்கொள்கிறது. எத்தனை ஃப்ரேம் என்பது டைமிங், அந்த ஃப்ரேம்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது ஸ்பேசிங். இரண்டையும் குழப்பிக்கொள்வதே தொடக்கநிலைத் தவறுகளில் பாதிக்குக் காரணம்.

எழும்பும் பந்து முந்தைய உயரத்தில் பாதியைத்தான் அடைகிறது என்று வைத்துக்கொண்டால், நேரமும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைத் தொடர்வதால், 12 ஃப்ரேம் சுமார் எட்டரையாகவும் அடுத்த துள்ளலில் ஆறாகவும் குறைகிறது. இந்தக் கணக்கோடு ரப்பர் பந்து, கிரிக்கெட் பந்து, தண்ணீர் நிரப்பிய பலூன் ஆகிய மூன்றையும் தனித்தனியே செய்து, வண்ணமோ ஒலியோ இல்லாமல் வீட்டில் ஒருவரிடம் காட்டி எது எது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

கணினியும் மென்பொருளும்

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலேயே இந்தப் பாதை முழுவதையும் கடக்கலாம். அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்காக 2002-இல் பயனர்களிடமிருந்து ஒரு லட்சம் யூரோ திரட்டப்பட்டது. அன்றிலிருந்து அது கட்டற்ற மென்பொருளாகவே வளர்ந்துவருகிறது. முழுக்க அதில் உருவாக்கப்பட்ட லாட்வியப் படமொன்று 2025-இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. இலவசம் என்றால் தரம் குறைவு என்று வாதிடும் பெற்றோருக்கு இந்த ஒரு செய்தியே போதும். பெரிய ஸ்டுடியோக்களில் மாயா என்ற கட்டண மென்பொருள் பரவலாக இருப்பது உண்மை. தகுதியுள்ள மாணவர்களுக்கு அதன் கல்வி உரிமம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒன்றில் கை பழகியவர் மற்றதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார். இருபரிமாண வரைதலில் நாட்டமுள்ளவர்களுக்குக் கிருட்டாவும், 2016-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட ஓப்பன்டூன்ஸும் இருக்கின்றன.

பிளெண்டருக்கு 8 ஜிபி நினைவகம் குறைந்தபட்சம். 16 ஜிபியும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் இருந்தால் கற்கும் காலத்தில் தடையிருக்காது. வரையும் பலகை திரையில்லாத சிறிய வகையாக இருந்தாலே போதும். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவு உண்டு, அது யுபிஎஸ். அதன் காரணத்தை, காட்சியைக் கணினி இறுதிப் படங்களாக மாற்றும் ரெண்டர் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

நடை: இந்தக் கலையின் நடுப்பகுதி

சமதளத்தில் இயல்பாக நடப்பவர் ஓர் அடிக்கு ஏறக்குறைய 12 ஃப்ரேம் எடுத்துக்கொள்கிறார். முதல் ஃப்ரேமில் முன்கால் குதிகாலால் தரையைத் தொடுகிறது, பின்கால் விரல்நுனியில் நிற்கிறது. நான்காவது ஃப்ரேமில் முன்காலில் முழு எடையும் இறங்க, முழங்கால் மடங்கி உடல் மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. ஏழாவதில் பின்னாலிருந்த கால் ஊன்றிய காலைக் கடக்கிறது. பத்தாவதில் ஊன்றிய கால் உந்த, உடல் மிக உயர்ந்த நிலைக்குப் போகிறது. பதின்மூன்றாவதில் மறுகால் தரையைத் தொடுகிறது. இந்த நான்கு நிலைகளையும் இரண்டு கால்களுக்கும் அமைத்து, 25-ஆவது ஃப்ரேமை முதல் ஃப்ரேமுக்கு ஒப்பாக வைத்து, 24-இல் சுழற்சியை முடித்தால் நடை தடையின்றி ஓடும். இரண்டு ஒரே மாதிரியான படங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு சிறு தடுக்கல் தெரியும். இந்தத் தவறைச் செய்யாதவர் யாரும் இல்லை.

பாடநூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் சமதளத்தோடு நின்றுவிடுகின்றன. நமக்கோ சமதளம்தான் அரிது. மேட்டில் ஏறுபவரின் உடல் முன்னோக்கிச் சாய்கிறது, முழங்கால் அதிகம் உயர்கிறது, ஊன்றிய காலை நிமிர்த்தும் உந்தலுக்கே நேரம் கூடுதலாகச் செல்கிறது. இறக்கத்தில் உடல் பின்வாங்குகிறது, அடிகள் சிறுக்கின்றன, கால் தரையைத் தொடும்போதே முழங்கால் மடங்கியிருக்கிறது, தாழ்நிலை வழக்கத்தைவிட ஆழமாகிறது. தலையில் மூட்டை இருந்தால் தலையின் மேல்கீழ் அசைவு ஏறக்குறைய மறைந்து, அந்த அசைவு முழுவதையும் இடுப்பும் முழங்காலும் வாங்கிக்கொள்கின்றன. ஒரே பாத்திரத்தைச் சமதளம், ஏற்றம், சுமையோடு ஏற்றம் என மூன்று விதமாக நடக்க வைத்த பயிற்சி, வேலை கேட்டுப் போகும் இடத்தில் உங்களைத் தனித்துக் காட்டும்.

நடப்பவர்களைப் படம் பிடிக்குமுன் அவர்களிடம் அனுமதி கேட்பது அவசியம். கேட்டால் பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள், கேட்காமல் எடுத்தால் திட்டு விழும். நான் இரண்டையும் அனுபவித்திருக்கிறேன். பக்கவாட்டிலிருந்து, கைப்பேசியை அசையாமல் ஊன்றி, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைக் குறித்துக்கொண்டு எடுங்கள். 30 ஃப்ரேமில் எடுத்த காணொளியை 24 ஃப்ரேம் கோப்பில் அப்படியே எண்ணினால் டைமிங் முழுவதும் பிசகும்.

நாற்கால் நடைக்கு நம் தோட்டங்களில் இறங்கும் காட்டெருமையைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. முதிர்ந்த ஆண் விலங்கு ஆயிரம் கிலோ வரை எடையிருக்கும். மெதுநடையில் முதலில் ஒரு பக்கத்துப் பின்கால், அடுத்து அதே பக்கத்து முன்கால், பிறகு மறுபக்கத்துப் பின்கால், முன்கால் என்ற வரிசையில் அது அடிவைக்கிறது. முன்கால் ஊன்றும்போது தோளின் திமில் மேலெழுந்து தலை தாழ்கிறது. வீட்டு மாடியிலிருந்தோ வண்டிக்குள்ளிருந்தோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல காணொளிக்காக அதன் அருகே போவது மடமை.

ரிக்கைப் புரிந்துகொள்ளுதல்

பாத்திரத்துக்குள் பொருத்தப்படும் எலும்புக்கூடான ரிக்கை அனிமேட்டர் உருவாக்க வேண்டியதில்லை, ஆனால் அது எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் அசைக்க முடியாது. எஃப்.கே. முறையில் தோளைத் திருப்பினால் முழங்கையும் மணிக்கட்டும் அதைத் தொடர்ந்து வரும். காற்றில் வீசும் கைக்கு அது ஏற்றது. ஐ.கே. முறையில் கை அல்லது பாதம் இருக்க வேண்டிய இடத்தை முதலில் நிறுத்தினால், இடையிலுள்ள மூட்டுகள் தாமாக மடங்கிக்கொள்ளும். தரையில் ஊன்றும் காலுக்கும் சுவரைப் பிடிக்கும் கைக்கும் அதுவே சரி. பிளெண்டர் ஸ்டுடியோ இலவசமாகத் தரும் ரெயின், ஸ்னோ ஆகிய பாத்திரங்களில் இரண்டையும் பழகலாம்.

ரிக்கிங்கில் ஆர்வமுள்ளவர்கள் ஒருநாள் குன்னூர் ரயில் நிலையத்துக்குப் போய்வாருங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரையிலான செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே பதிக்கப்பட்ட பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறுகிறது. நீராவி எஞ்சினின் உலக்கையும் இணைப்புத் தண்டும் சக்கரமும் எப்படி ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்பதை நின்று பாருங்கள். பிறகு எளிய சக்கரம் ஒன்றைப் பிளெண்டரில் அமைத்து, அது நகரும் தூரத்தையும் சுழலும் கோணத்தையும் டிரைவர் என்னும் வசதியால் இணையுங்கள். விட்டம் 80 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுற்றளவு ஏறத்தாழ 2.5 மீட்டர், அந்தத் தூரத்தைக் கடக்கும்போது சக்கரம் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சக்கரம் வழுக்குவதாகத் தெரியும். தொடக்கநிலை நடைகளில் பாதம் தரையில் வழுக்குவதும் இதே கணக்குப் பிழைதான்.

பேச்சு: தமிழ் வாயசைவு

இணையத்தில் கிடைக்கும் வாயசைவு அட்டவணைகள் ஆங்கில ஒலிகளுக்கானவை. தமிழ்ப் பாத்திரத்துக்கு அவற்றைப் பொருத்தினால் மொழிமாற்றுப் படம் பார்ப்பது போலிருக்கும். நமக்கான அட்டவணை தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே இருக்கிறது. அ, ஆ இரண்டும் வாய் திறந்து பிறக்கின்றன. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கின்றன. ப, ம இரண்டும் இதழோடு இதழ் பொருந்தி, வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்திப் பிறக்கின்றன. இ, ஈ, எ, ஏ, ஐ ஆகியவற்றுக்கு வாய் அகலும் ஒரு வடிவத்தையும், இதழ் மூடி ஓய்ந்திருக்கும் ஒரு வடிவத்தையும் சேர்த்தால் ஆறு வடிவங்களில் பெரும்பாலான வசனங்களை முடித்துவிடலாம். ழகரமும் ளகரமும் நாக்கின் வேலை. தூரக் காட்சியில் அவற்றுக்குத் தனி வடிவம் வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒற்று. ‘அப்பா’ என்னும்போது இதழ் மூடியிருக்கும் நேரம் ‘அபாயம்’ என்பதில் இருப்பதைவிடத் தெளிவாக நீள்கிறது. ப்ப, ம்ம வரும் இடங்களில் மூடிய வடிவத்தை மூன்று நான்கு ஃப்ரேம் நிறுத்துங்கள். நெடிலுக்குத் திறந்த வடிவத்தையும் அவ்வாறே நிறுத்துங்கள். அதோடு, இதழ் வடிவம் ஒலிக்கு ஓரிரு ஃப்ரேம் முன்னதாக வந்தால்தான் பேச்சு இயல்பாகத் தோன்றும்.

ஒரு ஷாட்டைக் கட்டும் முறை

முதலில் நீங்களே நடித்துப் படம்பிடியுங்கள். அதைப் பார்த்து முக்கிய நிலைகளைத் தாளில் சிறுசிறு படங்களாக வரையுங்கள். பிறகு கணினியில் அந்த நிலைகளை மட்டும் கீஃப்ரேமாக வைத்து, இடைப்பட்ட அசைவைக் கணினி நிரப்பாதபடி கான்ஸ்டன்ட் என்ற தேர்வில் நிறுத்துங்கள். இதுதான் பிளாக்கிங். பாத்திரம் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்கும், பார்க்க அழகாக இராது. ஆனால் கதை புரிகிறதா என்பதை இந்தக் கட்டத்திலேயே உறுதிசெய்துகொள்ளலாம், இங்கே செய்யும் திருத்தம் ஐந்து நிமிட வேலை. மெருகேற்றிய பிறகு அதே திருத்தம் இரண்டு நாளைத் தின்றுவிடும்.

கதை சரியானதும், இடைப்பட்ட அசைவைக் கணினியே நிரப்பும் வளைகோட்டு முறைக்கு மாற்றினால் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல மிதக்கத் தொடங்கும். அங்கே மனம் தளர வேண்டாம், எல்லோருக்கும் அது நேர்கிறது. எல்லா உறுப்புகளும் ஒரே ஃப்ரேமில் கிளம்பி ஒரே ஃப்ரேமில் நிற்பதே அதன் காரணம். இடுப்பு முதலில், இரண்டு ஃப்ரேம் கழித்து மார்பு, பின் தலை, கடைசியில் கைகள் எனத் தள்ளிவைத்துவிட்டு, அசைவுகளைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ஒவ்வொரு கோட்டையும் படியுங்கள். கோடு படுத்திருந்தால் அசைவு இல்லை, செங்குத்தாக இருந்தால் வேகம். பந்து தரையைத் தொடும் இடம் போன்ற மோதல்களில் வளைவு கூர்முனையாக இருக்க வேண்டும். மென்பொருள் தானாக அதை உருட்டிவிடும் என்பதால் கைப்பிடியை வெக்டர் வகைக்கு மாற்றுங்கள்.

ரெண்டர்

பத்து நொடிக் காட்சியில் 240 ஃப்ரேம்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் பிடித்தால் எட்டு மணி நேரம். ஓர் ஐப்பசியில், வடகிழக்கு மழை எங்கள் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு காட்சியை நேரடியாகக் காணொளிக் கோப்பாக ரெண்டர் செய்துவிட்டுத் தூங்கப் போனேன். விடியுமுன் மின்சாரம் போனது. முடிவுபெறாத அந்தக் கோப்பைத் திறக்கவே முடியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகத்தான் எழுதுகிறேன். பிளெண்டரின் வெளியீட்டுப் பகுதியில் ஓவர்ரைட் என்ற குறியை நீக்கிவிட்டால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அறுபட்ட கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிடுங்கள். பயிற்சிகளுக்குப் பிளெண்டரிலுள்ள ஈவி என்ற ரெண்டர் முறையே போதும். அதிலுள்ள மற்றொரு முறையான சைக்கிள்ஸ் ஒளியைத் துல்லியமாகக் கணக்கிடும், ஆனால் பல மடங்கு நேரம் கேட்கும்.

கல்லூரி தேவையா

தேவையில்லை. ஆனால் நல்ல கல்லூரி கிடைத்தால் விட வேண்டாம், ஏனெனில் தவறை நேரில் சுட்டிக்காட்டும் கண்கள் தனியாகக் கற்பவருக்குக் கிடைப்பதில்லை. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் இளநிலைப் பட்டப்படிப்பாக இருக்கின்றன. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர அதன் வடிவமைப்புத் திறன் தேர்வையும், மும்பை ஐஐடியில் வடிவமைப்பு முதுநிலைக்குச் சீட் (CEED) என்னும் நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். இவற்றில் உற்றுநோக்கலும் வரைதலும் சோதிக்கப்படுவதால், பேருந்து நிலையத்தில் வரைந்த குறிப்பேடு இங்கேயும் உதவும். நூறு சதவீத வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் தனியார் மையங்களில் பணம் கட்டுமுன், அங்கே படித்து முடித்த மூவரின் ஷோரீலை, அதாவது அவர்களின் சிறந்த வேலைகளைத் தொகுத்த காணொளியை, கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் அப்படிக் கேட்காமல் ஓராண்டுக் கட்டணத்தை இழந்தவன்.

ஷோரீலும் முதல் தேர்வும்

ஷோரீல் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மிகச் சிறந்த ஷாட் முதலில் வரட்டும். சுமாரானது ஒன்று இருந்தாலும் பார்ப்பவர் உங்களை அதைக்கொண்டே அளப்பார். யாருடைய ரிக்கைப் பயன்படுத்தினீர்கள், எந்தப் பகுதி உங்கள் வேலை என்பதைத் திரையின் ஓரத்தில் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய அசைவைத் தன் வேலையாகக் காட்டுபவர்கள், இந்த முழங்காலை இரண்டு ஃப்ரேம் முன்னதாக மடக்குங்கள் என்ற முதல் திருத்தத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

ரீல் பிடித்திருந்தால் ஸ்டுடியோ ஒரு தேர்வு ஷாட் அனுப்பும். கனமான ஒன்றைத் தூக்குவது அதில் அடிக்கடி வரும். அப்படி வந்தால், பாத்திரம் கை வைத்த உடனே பொருளை அசைத்துவிடாதீர்கள். பாதங்களை அகற்றி ஊன்றச் செய்யுங்கள், இடுப்பைப் பொருளுக்கு அருகே தாழ்த்துங்கள், முதுகையும் கையையும் இறுக்கி, பொருள் துளியும் நகராமல் எட்டுப் பத்து ஃப்ரேம் நிறுத்துங்கள். பிறகு ஒரு மூலை மட்டும் தரையை விட்டுக் கிளம்பட்டும். அது கிளம்பும் ஃப்ரேமில் இடுப்பு எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும்.